திரும்பாத தூக்குப் பாத்திரம்

நன்றி என்னும் சொல்லை நம்மவர் சபையிலே தாராளமாக வழங்குவார்கள், வீட்டிலே வழங்கமாட்டார்கள். சங்கக் கூட்டம் முடிந்தால் நன்றியுரை கட்டாயம் உண்டு. ஒலிபெருக்கி தந்தவர் முதல் பந்தியில் தண்ணீர் ஊற்றியவர் வரையில் ஒருவர் பெயரும் விடுபடாது. ஆனால், விடியுமுன் எழுந்து நமக்குக் காப்பி கலந்து தரும் மனைவிக்கோ, நாம் காய்ச்சலில் கிடந்தபோது இரவெல்லாம் கண்விழித்திருந்த தாய்க்கோ என்றேனும் நன்றி கூறியதுண்டா? கூறினால் அவர்கள் மகிழவும் மாட்டார்கள். "என்னை அயலாள் ஆக்கிவிட்டாயா?" என்றே கேட்பார்கள். நெருங்கியவரிடத்தில் நன்றி நடத்தையிலே விளங்கவேண்டும், வாயால் சொல்லத் தேவையில்லை என்பது நம் மரபு.

இம்மரபில் குற்றம் ஒன்றுமில்லை. சொல்லாமலே விளங்கும் இடத்தில் சொல் மிகையேயாகும். ஆயினும், பிறந்த ஊரை விட்டு ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் குடியேறி, வேற்று மொழி பேசுவோர் நடுவே வாழும் நம்போன்ற குடும்பங்களுக்கு இம்மரபு ஓர் இடரையும் விளைக்கிறது. வெளியே சொல்லாத நன்றிக்கும் அடியோடு மறந்துபோன நன்றிக்கும் பார்வைக்கு வேற்றுமை கிடையாது. "நம் உள்ளத்தில் இருக்கிறது, அது போதும்" என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உள்ளத்தில் மெய்யாகவே இருக்கிறதா என்று திறந்து பார்ப்பதில்லை. இவ்வுண்மையை நமக்குக் கற்பித்தது நம் வீட்டுப் பரணில் கிடந்த ஓர் எவர்சில்வர் தூக்குப் பாத்திரம். அதன் வரலாற்றைச் சொல்வதில் நமக்குப் பெருமை ஏதுமில்லை. எனினும், வாசக அன்பர்களில் சிலர் வீட்டுப் பரணிலும் இத்தகைய பாத்திரம் ஒன்று இருக்கக்கூடும் என்பதால் எழுதத் துணிந்தோம்.

நாம் ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்தது 2012ஆம் ஆண்டில். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே நம் கல்வி. விழுப்புரத்துக்கு அருகே ஒரு சிற்றூரில் கரும்பும் நெல்லும் பயிரிடும் குடும்பம். மத்தியப் பிரதேசத்து இட்டார்சி நிலையத்தின் பார்சல் அலுவலகத்தில் நமக்கு வேலை கிடைத்தது. தில்லியிலிருந்து சென்னைக்குச் செல்லும் பாதையும், மும்பையிலிருந்து பிரயாக்ராஜ் வழியாகக் கொல்கத்தா நோக்கிச் செல்லும் பாதையும் ஒன்றையொன்று குறுக்கிடும் பெருஞ்சந்திப்பு அது. விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் வாசகர்கள் பலர் அந்நிலையத்தில் இறங்கித் தேநீர் அருந்தியிருப்பார்கள்.

ரயில்வே குடியிருப்பில் நமக்கு மாடி வீடு. எதிர்வாயிலில் ஒரு பாயிண்ட்ஸ்மேன் குடும்பத்தார் இருந்தனர். அவருக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. அவரைச் சாச்சா என்றும், அவர் மனைவியைச் சாச்சி என்றும் அழைத்தோம். அவர்களுக்கு நாம் 'மதராசி பாபு'. விழுப்புரத்திலிருந்து வந்தாலும் திருநெல்வேலியிலிருந்து வந்தாலும் அவ்வூரில் எல்லாரும் மதராசிதான். இதைப் பற்றி நம்மவர் கூடும் இடங்களில் குறைபட்டுக்கொள்வதுண்டு. நாமும் குறைபட்டிருக்கிறோம். ஆனால் சாச்சாவின் வாயிலிருந்து வரும்போது அச்சொல்லில் இழிவு இருந்ததில்லை. எதிர்வீட்டுப் பிள்ளைக்கு இட்ட செல்லப்பெயர்போல் அது ஒலித்தது.

2015ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் நம் தந்தையார் ஊரிலிருந்து வந்தார். நம் தாயார் காலமாகிச் சில ஆண்டுகள் கழிந்திருந்தன. மருமகள் கருவுற்றிருக்கும் செய்தி கேட்டு, இரண்டு வாரம் தங்கிப்போகலாம் என்று வந்தவர். அவர் திரும்பிச் செல்லவேண்டிய வாரத்திலேதான் அந்த விபத்து நிகழ்ந்தது. ஜூன் 17ஆம் நாள் இட்டார்சி நிலையத்தின் சிக்னல் கட்டுப்பாட்டுக் கூடம் தீப்பற்றி எரிந்தது.

ரயில்வேயில் இல்லாத அன்பர்களுக்கு இதை விளக்கவேண்டும். பெரிய சந்திப்பில் தண்டவாளங்கள் பிரியும் இடங்கள் பல. ஒரு கூடத்தில் அமர்ந்து பொத்தானை அழுத்தினால், ஒரு வண்டி செல்லவேண்டிய வழியிலுள்ள பிரிவுகள் எல்லாம் மின்விசையால் உரிய திசைக்குத் திரும்பிப் பூட்டிக்கொள்ளும். அதன்பிறகே சிக்னல் கிடைக்கும். அக்கூடம் எரிந்ததும் நிலையம் கண்ணிழந்தவர் நிலையை அடைந்தது. ஒரு மாதத்துக்கும் மேலாக நூற்றுக்கணக்கான வண்டிகள் ரத்தாயின. பல வண்டிகள் வேறு பாதையில் திருப்பிவிடப்பட்டன. ஓடிய சில வண்டிகளுக்கும், பாயிண்ட்ஸ்மேன்கள் ஒவ்வொரு பிரிவிலும் நின்று, கையால் சுழற்றித் தண்டவாளத்தைத் திருப்பி, கிளாம்ப் இட்டுப் பூட்டி, கொடி காட்டி அனுப்பவேண்டியதாயிற்று. ஜூன் மாத வெயிலில் சரளைக் கல்லின்மேல் நாள் முழுதும் நிற்கும் வேலை அது. சாச்சா காலையில் சென்றால் இரவுதான் திரும்புவார்.

தந்தையாரின் பயணச்சீட்டும் ரத்தாயிற்று. அவர் நம்மிடமே தங்கினார். தீப்பற்றிய நான்காம் நாள் இரவு நாம் அலுவலகத்தில் இருந்தோம். அனுப்ப வழியின்றி மூட்டைகள் மலைபோல் குவிந்திருந்த நேரம். வீட்டிலே தந்தையாருக்கு மார்பு வலி கண்டது. வியர்வை பெருகிற்று, பேச்சுக் குழறிற்று. நம் மனைவிக்கு அப்போது மூன்றாம் மாதம். மசக்கையால் எழுந்து நிற்கவும் வலுவில்லை. எதிர்க் கதவைத் தட்டினாள்.

சாச்சா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, தட்டின்முன் அமர்ந்து ஒரு வாய் உண்டிருந்தார். அப்படியே எழுந்து வந்தார். நம் தந்தையாரை முதுகில் சுமந்து மாடிப்படி இறங்கினார். தெருமுனையில் உறங்கிக்கொண்டிருந்த ஆட்டோக்காரரை எழுப்பி மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார். மருந்துக்கு வேண்டிய பணத்தைத் தம் கையிலிருந்தே கொடுத்தார். நமக்கு ஆளனுப்பினார். நாம் ஓடிச்சென்றபோது அவர் தாழ்வாரத்தில் சுவரோரமாகக் குந்தியிருந்தார். அவருடைய வலக்கை விரல்களில் பருப்பு காய்ந்து ஒட்டியிருந்தது. கை கழுவக்கூட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. "பயம் வேண்டாம், பாபு. டாக்டர் பார்த்துவிட்டார்" என்றார். பொழுது விடிந்ததும் அங்கிருந்தே வேலைக்குச் சென்றுவிட்டார்.

இருதயத்துக்குச் செல்லும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார் மருத்துவர். மூன்றாம் நாள் ஆம்புலன்ஸ் வண்டியில் போபாலுக்குக் கொண்டுசென்று அடைப்பை நீக்கினோம். பின்னர் இட்டார்சிக்கே திரும்பி ஓய்வில் வைத்திருந்தோம். அந்நாட்களில் நம் வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரியவில்லை. தாளிக்கும் வாசனையே மனைவிக்கு ஆகாது. தினந்தோறும் நண்பகலில் சாச்சி ஒரு தூக்குப் பாத்திரத்தோடு வருவார். பாசிப்பருப்பும் அரிசியும் குழைய வேகவைத்த கிச்சடி. நோயாளிக்கு என்று உப்பைக் குறைத்திருப்பார். அவர்கள் வீட்டில் ரொட்டிதான் வழக்கம். "மதராசிகளுக்குச் சோறு இல்லாவிட்டால் வயிறு நிறையாது" என்று நமக்காகவே அரிசி வாங்கி வைத்திருந்தார். ஏறக்குறைய மூன்று வாரம் அப்பாத்திரம் இரண்டு வீடுகளுக்கும் இடையே நடந்துகொண்டிருந்தது.

மருத்துவரிடம் அடிக்கடி காட்டவேண்டும் என்ற காரணத்தைக் கூறி நாம் போபாலுக்கு மாற்றல் கேட்டோம். ஆகஸ்டு மாதத்தில் கிடைத்தது. இரண்டே நாளில் மூட்டை கட்டிப் புறப்பட்டோம். சாச்சா மருந்துக்குக் கொடுத்த பணத்தை முன்பே திருப்பிக் கொடுத்திருந்தோம். அத்துடன் கணக்கு முடிந்தது என்று நம் குமாஸ்தா மனம் பதிவு செய்துகொண்டது போலும். புறப்படும் வேளையில் சாச்சா வேலையில் இருந்தார். சாச்சியிடம், "போய் வருகிறோம். சேதி சொல்லி அனுப்புகிறோம்" என்றோம். மூட்டையில் அந்தத் தூக்கும் சேர்ந்து வந்துவிட்டது.

2016ஆம் ஆண்டு ஜனவரியில் மகள் பிறந்தாள். தந்தையார் பேத்தியைப் பார்த்துவிட்டு, உடல் தேறி ஊர் திரும்பினார். சேதி மட்டும் இட்டார்சிக்குச் செல்லவில்லை. போபாலிலிருந்து இட்டார்சி நூறு கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவு; இரண்டு மணி நேரப் பயணம். நமக்கோ ரயில்வே பாஸ் உண்டு. முதல் ஆண்டில் நேரமில்லை என்றோம். இரண்டாம் ஆண்டில், இத்தனை நாள் போகாமல் இப்போது வெறுங்கையோடு எப்படிப் போவது என்று கூசினோம். பின்னர்க் கைப்பேசி மாறியது. அவர்கள் எண் தொலைந்தது. அதன்பின் மறந்தே போனோம்.

மறக்காதவர் ஒருவர் இருந்தார். ஊரிலிருந்து தொலைபேசியில் பேசும்போதெல்லாம் தந்தையார், "நம்மைத் தூக்கிக்கொண்டு ஓடினாரே, அந்த மனிதர் நலந்தானா?" என்று கேட்பார். நாம், "நலமாக இருக்கிறார், அப்பா" என்போம். விசாரித்துச் சொன்ன விடையன்று அது. நலமாகத்தான் இருப்பார் என்ற அநுமானம். அடுத்த பேச்சுக்குப் போகவேண்டும் என்ற அவசரம்.

சென்ற 2024ஆம் ஆண்டு தீபாவளிக்கு முன், வீட்டைத் துப்புரவு செய்கையில் மனைவி பரணிலிருந்து அத்தூக்கை இறக்கினாள். அதில் வற்றல் போட்டு வைத்திருந்தோம். இரண்டாண்டுகளாக இந்தி எழுத்துப் படிக்கும் மகள், பாத்திரத்தின் கழுத்தில் வெட்டியிருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். "அப்பா, இது நம் பெயர் இல்லையே! யாருடைய பாத்திரம் இது?" என்றாள். சொன்னோம். "ஏன் திருப்பிக் கொடுக்கவில்லை?" என்று கேட்டாள். குழந்தையின் கேள்வி அது. அதில் குற்றச்சாட்டு இல்லை. நமக்குத்தான் விடை சொல்ல நா எழவில்லை.

பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பும் வழக்கம் நமக்கும் இல்லை, அவர்களுக்கும் இல்லை. அதிரசமும் முறுக்கும் நிரப்பிக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் புறப்பட்டோம். வண்டி நருமதைப் பாலத்தைக் கடக்கையில் உடன் வந்தோர் சிலர் கைகூப்பி, சன்னல் வழியாக நாணயம் எறிந்தார்கள். அன்றாடம் கடப்பவர்களும் எறிந்தார்கள். நீரும் விளைவும் தந்த ஆற்றை ஒவ்வொரு முறையும் அவர்கள் நினைக்கிறார்கள். நாம் மடியில் இருந்த தூக்கைப் பற்றிக்கொண்டு தலைகுனிந்திருந்தோம்.

பழைய குடியிருப்பில் எதிர்வீட்டில் வேறு யாரோ இருந்தனர். தெருமுனைத் தேநீர்க் கடைக்காரர் நம்மை அடையாளம் கண்டுகொண்டார். சாச்சாவைப் பற்றிக் கேட்டோம். "உங்களுக்குத் தெரியாதா? 2019இல் ரிடையர் ஆனார். 2021இல், கொரோனாவின் இரண்டாம் அலையில் போய்விட்டாரே" என்றார். மூன்றாண்டுகளுக்கு மேலாக, இறந்துபோன ஒருவரை நலமாக இருக்கிறார் என்று நம் தந்தையாரிடம் கூறிவந்திருக்கிறோம்.

ஊரின் ஓரத்தில் சாச்சி மகனோடு இருந்தார். கதவைத் திறந்தவர் நம்மைச் சற்று உற்றுப் பார்த்தார். பிறகு, "மதராசி பாபு!" என்றார். உள்ளே சென்று அமர்ந்தோம். சுவரில் மாலையிட்ட படத்தில் சாச்சா இருந்தார். நாம் துக்கம் விசாரிக்க வாயெடுக்குமுன் அவர் ஒரு கேள்வி கேட்டார். தயங்கித் தயங்கி, கேட்பது தகுமோ என்ற ஐயத்தோடு கேட்டார்: "பெரியவர்... உங்கள் அப்பா... அப்புறம் எத்தனை நாள் இருந்தார்?"

"இப்போதும் இருக்கிறார், சாச்சி. ஊரில் வயலைப் பார்த்துக்கொள்கிறார்" என்றோம்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு படத்தின் பக்கம் திரும்பி, எதிரில் அமர்ந்திருப்பவரிடம் சொல்வதுபோல், "கேட்டீர்களா? அந்த மதராசிப் பெரியவர் பிழைத்துவிட்டாராம்" என்றார்.

நடந்ததை அவர் வாயாலேயே அறிந்தோம். நாம் போபால் சென்றபின் சாச்சா பல நாள் சேதியை எதிர்பார்த்திருந்திருக்கிறார். ஒரு முறை பார்சல் அலுவலகத்துக்கும் சென்று கேட்டிருக்கிறார். அங்கே யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. "நல்ல சேதியாக இருந்தால் பாபு சொல்லியிருப்பார். சொல்லவில்லை என்றால் பெரியவர் போய்விட்டார் என்றுதான் பொருள். நாம் போன் செய்து அந்தப் பிள்ளையின் துக்கத்தைக் கிளறவேண்டாம்" என்று மனைவியிடம் கூறிவிட்டாராம். நம்மீது சினம் கொள்ளவில்லை. நமக்காக வருந்தியிருக்கிறார். தாம் முதுகில் சுமந்து காப்பாற்றிய உயிர் தங்கவில்லை என்ற எண்ணத்தோடே ஆறு ஆண்டுகள் வாழ்ந்து, அவ்வெண்ணத்தோடே மறைந்தார். அவருக்கு உரிய மகிழ்ச்சி ஒன்று இருந்தது. அதைத் தருவதற்கு ஒரு வார்த்தை போதும். அவ்வார்த்தையை நாம் தரவில்லை.

அங்கிருந்தே தந்தையாரைக் கைப்பேசியில் அழைத்து, முகம் தெரியும்படி சாச்சியிடம் கொடுத்தோம். ஒருவர் தமிழில் பேசினார். ஒருவர் இந்தியில் பேசினார். இருவரும் ஒருவர் சொல்லை ஒருவர் தடுக்கவும் இல்லை. நம்மிடம் பொருள் கேட்கவும் இல்லை. சாச்சா மறைந்த சேதியை அன்று இரவு தனியே தந்தையாரிடம் கூறினோம். நெடுநேரம் கழித்து, "நலமாக இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தாயே, அப்பா" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நம்மைக் கடிந்துகொண்டிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று முதல் நன்றி என்னும் சொல்லைப் பற்றியே சிந்தித்து வருகிறோம். பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த திருக்குறளின் பதினோராம் அதிகாரத்தை, செய்ந்நன்றியறிதலை, மீண்டும் எடுத்துப் படித்தோம். முன்பு யாதோர் உதவியும் பெறாதவர் செய்யும் உதவி, தக்க காலத்தில் செய்யும் உதவி, பயன் கருதாமல் செய்யும் உதவி என்று வள்ளுவர் முதல் மூன்று குறளில் மூன்று வகையை எடுத்துரைக்கிறார். சாச்சா செய்தது இம்மூன்றும் ஒன்றாய் அமைந்த உதவி. இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தோம். வள்ளுவர் வாக்கில் நன்றி என்பது வாயால் கூறும் வணக்கச் சொல்லன்று. ஒருவர் செய்த நன்மையே நன்றி. ஆகவே நன்றி கூறுதல் என்றால், 'நீர் செய்த நன்மை இது, இன்னவாறு பலித்தது' என்று எடுத்துக் கூறுதல் என்று நாம் பொருள் கொள்ளலாம் அன்றோ? விதைத்தவருக்கு விளைச்சலைக் காட்டுவது அது. காப்பி தந்த மனைவிக்கு இது வேண்டியதில்லை. நாம் பருகுவதை அவள் பார்க்கிறாள். ஆனால் தெருவில் உதவியவர், பயணத்தில் உதவியவர், பழைய ஊரில் உதவியவர் ஆகியோர் கதையின் பாதியை மட்டும் அறிந்தவர்கள். மீதியைச் சொல்லவேண்டியவர் உதவி பெற்றவரே.

நன்றியுணர்வு அதை உடையவருக்கும் நன்மை செய்வதாக இக்கால உளநூலார் ஆராய்ந்து கூறியிருக்கின்றனர். அமெரிக்காவில் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ ஆகிய இருவரும் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி புகழ்பெற்றது. மாணவர்களை மூன்று பிரிவாக்கி, பத்து வாரம் வாரத்துக்கு ஒரு முறை எழுதச் செய்தார்கள். ஒரு பிரிவினர் நன்றிக்குரியவை என்று தோன்றும் ஐந்து வரையிலான செய்திகளையும், ஒரு பிரிவினர் தொல்லைகளையும், ஒரு பிரிவினர் பொதுவான நிகழ்ச்சிகளையும் எழுதினர். நன்றிக்குரியவற்றை எழுதியவர்கள் தங்கள் வாழ்வைப் பற்றி மனநிறைவு மிகுதியாகக் கொண்டிருந்தார்கள்; உடல்நோவு பற்றிய முறையீடும் அவர்களிடம் குறைவாக இருந்தது. தசைநரம்பு நோயுற்றவர்களை மூன்று வாரம் நாள்தோறும் இவ்வாறு எழுதச் செய்தபோது, அவர்கள் நன்றாக உறங்கியதாகவும் தெரியவந்தது.

மார்ட்டின் செலிக்மனும் அவர் தோழர்களும் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி நம் நெஞ்சை நேரே தொட்டது. தமக்குப் பெருநன்மை செய்தும் முறையாக நன்றி கூறப்படாத ஒருவருக்குக் கடிதம் எழுதி, நேரில் சென்று கொடுக்குமாறு பலரிடம் கூறினார்கள். அவ்வாறு செய்தவர்களின் மகிழ்ச்சி வெகுவாக உயர்ந்தது. ஒரு மாதம் வரை நிலைத்து, அதன்பின் மங்கிற்று. நன்றியும் செடி போன்றது. ஒரு முறை ஊற்றிய நீர் ஆயுளுக்கும் போதாது என்று இதனால் அறிகிறோம். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்போர் 2018இல் வெளியிட்ட ஆராய்ச்சி மற்றொன்றைக் காட்டியது. நன்றிக் கடிதம் எழுதுவோர், பெறுபவர் கூச்சமடைவார் என்று மிகையாக அஞ்சுகிறார்கள். அவர் அடையும் மகிழ்ச்சியைக் குறைவாக மதிக்கிறார்கள். இதைப் படித்தபோது, 'இத்தனை நாள் கழித்து எப்படிப் போவது' என்று நாம் கூசிய அந்த இரண்டாம் ஆண்டு நினைவுக்கு வந்தது. அக்கூச்சம் நம்முடையதே, அவர்களிடம் அது இல்லை. அவர்கள் வாயிற்கதவு திறந்தே இருந்தது.

உதவியவர் யார் என்றே தெரியாத இடமும் உண்டு. நாம் பணியாற்றும் போபால் நிலையத்தில், 1984ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் இரவு நச்சுவாயு பரவியபோது, துணை நிலைய அதிகாரியாக இருந்தவர் குலாம் தஸ்தகீர். மும்பையிலிருந்து கோரக்பூருக்கும், கோரக்பூரிலிருந்து மும்பைக்கும் செல்லும் பாதையில் அந்நேரம் நின்றிருந்த விரைவு வண்டியை, குறித்த நேரத்துக்குக் காத்திராமல் புறப்படச் செய்தார். போபாலுக்கு வண்டிகளை அனுப்பவேண்டாம் என்று பக்கத்து நிலையங்களுக்கும் தெரிவித்தார். அவர் 2003ஆம் ஆண்டில் காலமானார். அவ்வண்டியில் உறங்கியவாறு சென்ற நூற்றுக்கணக்கானோரில் எத்தனை பேர் தம்மைக் காத்தவர் இன்னார் என்று அறிந்திருப்பார்கள்? அத்தகையோர்க்கு நேரில் சேதி சொல்ல இயலாது. அவர்கள் செய்ததை நாம் பிறர்க்குச் செய்வதே அங்கே நன்றி. நேரில் சொல்ல இயலுமிடத்தில் சொல்லாமலிருக்கத்தான் நமக்குச் சாக்கு இல்லை.

இதனால் நம் சங்கக் குடும்பங்களுக்குச் சிறு விண்ணப்பம் ஒன்று செய்துகொள்கிறோம். கதிரவனுக்குப் பொங்கலிட்டு, மறுநாள் மாட்டுக்கும் மாலை சூட்டி நன்றி காட்டும் மரபினர் நாம். இவ்வாண்டுப் பொங்கல் விழாவுக்கு ஒவ்வொரு குடும்பமும், தமக்கு உதவிய இவ்வூர்க்காரர் ஒருவரை அழைத்து வந்தால் என்ன? வாடகை வீடு தேடித் தந்தவர், பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கேட்டு உடன் வந்தவர், நம் அரைகுறை இந்தியைப் பொறுத்துக்கொண்ட மளிகைக்காரர் என்று யாரேனும் ஒருவர் எல்லாருக்கும் இருப்பார். அவர்கள் நம்மை மதராசி என்று அழைப்பதைப் பற்றி ஆண்டெல்லாம் பேசுகிறோம். அவர்கள் பெயர் நமக்கு எத்தனை பேருக்குத் தெரியும்?

அத்துடன், பழைய ஊர்களில் நமக்கு உதவியவர்களை ஒரு தாளில் எழுதிப் பார்ப்போம். நம் வீட்டில் எழுதினோம். பதினான்கு பெயர் வந்தது. வாரத்துக்கு ஒருவராக அஞ்சல் அட்டை எழுதியும், எண் கிடைத்தவரோடு பேசியும் வருகிறோம். புகழுரை ஒன்றும் எழுதுவதில்லை. 'நீங்கள் இன்னது செய்தீர்கள். அதனால் இன்னது நடந்தது. இன்று நாங்கள் இப்படி இருக்கிறோம்' என்று மூன்று வரி போதும். தந்தையார் கேட்டால், விசாரித்துத் தெரிந்ததை மட்டும் சொல்கிறோம். தெரியாததைத் தெரியாது என்கிறோம்.

தூக்குப் பாத்திரத்தைச் சாச்சி திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. அதிரசத்தையும் முறுக்கையும் ஒரு தட்டில் கொட்டிக்கொண்டு, பாத்திரத்தைக் கழுவித் துடைத்தார். கழுத்தில் வெட்டியிருந்த பெயரை முந்தானையால் ஒரு முறை துடைத்தார். அது சாச்சாவின் பெயர். "இது உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும், பாபு. அங்கேயும் அவர் பெயர் இருக்கட்டும்" என்றார். வெறும் பாத்திரமாகக் கொடுக்கலாகாது என்று, பிபரியாவிலிருந்து வந்த துவரம்பருப்பை அதில் நிரப்பிக் கொடுத்தார்.

அப்பருப்பில் மறுநாள் சாம்பார் வைத்தோம். தூக்கு இப்போது பரணில் இல்லை. அடுப்பங்கரையில், எல்லார் கண்ணிலும் படும்படி, மேல்தட்டில் இருக்கிறது. வருகிறவர்கள் யாருடையது என்று கேட்டால் மகளே கதையைச் சொல்கிறாள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதில் ஏதேனும் நிரப்பிக்கொண்டு இட்டார்சிக்குச் சென்று வருகிறோம். ஒவ்வொரு முறையும் அது நிறைந்தே திரும்புகிறது.